தாசில்தாருக்கு நல்ல தண்ணீர்

என் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கதை இன்னும் உலவுகிறது. ஊரே குடத்தோடு குழாயடியில் காத்துக்கிடந்த கோடையில், குடிதண்ணீரை எடுத்துப்போய் ஒரு மீனுக்கு ஊற்றியவள் நான் என்பது அந்தக் கதை. விலங்கியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் காதுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது என்று அறிகிறேன். அண்மையில் துறைக்கு வந்திருந்தபோது ஓர் இளம் ஆசிரியை சிரித்துக்கொண்டே, "அது உண்மையா மேடம்?" என்று கேட்டார்.

உண்மைதான். மறுப்பதற்காக இதை எழுத உட்காரவில்லை. கதையைப் பரப்பியவர்கள் தங்களுக்குச் சுவையான பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றப் பாதியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். கடல் மீன்களைத் தொட்டியில் வைத்துக் காக்கும் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். பொட்டலத்தில் வரும் கடலுப்பு, மருந்துகள், அளவைக் கருவிகள் ஆகியவற்றை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால், நோயுற்ற மீனைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும் மனிதர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது எந்தப் பொட்டலத்தின் மேலும் அச்சிடப்பட்டிருக்காது. அதை மட்டும் சொல்லுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டைப் பார்த்தபடி நின்ற ஒரு தனியார் கல்லூரியில் நான் விரிவுரையாளர். பல்கலைக்கழகப் பதக்கத்தோடு முதுகலை முடித்தவள். பணிநிரந்தரம் இன்னும் ஆகாதவள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியின் தாளாளர் தீப்பெட்டித் தொழிலில் உயர்ந்தவர். ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி, எனக்கு ஐயா. எங்கோ ஒரு கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, அதைவிடப் பெரியது நம்மிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். எங்கள் துறையின் முன்கூடத்தில் ஒரு சுவரே கண்ணாடியாயிற்று. உப்பு ஏற்றும் லாரிகளில் கடல்நீர் பீப்பாய் பீப்பாயாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பசுவந்தனையிலிருந்தும் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து கண்ணாடி முன் நிற்பார்கள். தொட்டியின் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்து, எழுத்து மூலமாகவே ஆணை தந்திருந்தார் தாளாளர்.

தொட்டிக்கு நாயகன் ஒரு கிளாத்தி மீன்; அப்போது அதில் இருந்த ஒரே மீனும் அதுதான். தோல் செருப்புத் தோலைப் போலத் தடித்தது. வாய் சிறியது, பல் பெரியது. இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழன்று பார்க்கும். வருகிறவர்களைக் கண்ணாடிக்கு அருகில் வந்து மேலும் கீழும் பார்க்கும். இரை தாமதமானால் உறுமும். மாணவர்கள் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெயரை வகுப்பில் பயன்படுத்தியதில்லை. மனத்துக்குள் பயன்படுத்தினேன்.

இனித் தண்ணீரைப் பற்றி. தொட்டியின் நீர் கோடை வெக்கையில் வற்றும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பாடத்தில் இது ஒரு வரி. கரிசலில் இது எளிய காரியமன்று. அங்கே நல்ல தண்ணீர் என்பது குடிப்பதற்கும் பருப்பு வேகவைப்பதற்கும் மட்டுமே உரியது. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாவற்றுக்கும் கிணற்று உப்புத் தண்ணீர். குடிதண்ணீரை வேறெதிலும் கவிழ்க்கக் கூடாது என்பது அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாத ஒழுக்கம்.

அந்தக் கோடையில் விடைத்தாள் திருத்துவதற்காக நான் மதுரைக்குப் போக நேர்ந்தது. திரும்பி வந்து தொட்டியின் முன் நின்றபோது இரண்டு செய்திகள் காத்திருந்தன. தண்ணீரில் அடர்த்திமானியை மிதக்கவிட்டேன். உப்பு வெகுவாக ஏறியிருந்தது. உள்ளே எனக்குத் தெரியாத ஒரு களவா மீன் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆய்வக உதவியாளர் அந்தோணியை அழைத்தேன். என்னைவிட மூத்தவர், எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"கிணத்துத் தண்ணியா ஊத்துனீங்க, அந்தோணி?"

"ஆமா மேடம். நல்ல தண்ணி வாளியத்தான் தூக்கிட்டுப் போனேன். உப்புக்குள்ள குடிக்கிற தண்ணியக் கவுத்த கை வரமாட்டேங்குது. எங்க வீட்டுல பிள்ளைகளுக்கு அளந்துல்லா ஊத்துதோம்."

"களவா எங்கருந்து வந்தது?"

"அண்ணாச்சி தூத்துக்குடில இருந்து கொண்டாந்தாவ. தாசில்தாருக்குக் கீழ ஒரு ஆர்.ஐ. வேணும்லான்னு சொல்லிச் சிரிச்சாவ. நேரா தொட்டில விட்டுட்டாவ."

"புது மீனைத் தனியா வச்சுப் பாக்காம விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"எனக்குத்தான் மேடம் சொல்லியிருக்கீங்க. அண்ணாச்சிக்கு யாரு சொல்லுவா?"

அந்தோணியை நான் கடிந்துகொள்ளவில்லை. அவர் செய்தது அந்த மண்ணில் எந்தக் கையும் செய்யக்கூடியது. மறுநாள் காலை களவா இறந்து கிடந்தது. தாசில்தாரின் துடுப்புகளில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கற்களில் உடம்பை உரசிக்கொண்டது, இரையைத் தொடவில்லை. களவா நோயைக் கொண்டுவந்தது. ஏறிய உப்பு எதிர்க்கும் வலுவை எடுத்துவிட்டது.

வெண்புள்ளி நோயைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனாலும் பின்னால் வரப்போவதற்கு இது தேவை என்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாம் பார்க்கும் புள்ளி மீனின் தோலுக்குள் உட்கார்ந்து தின்னும் ஒட்டுண்ணி. தின்று முடித்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து தரையில் ஒட்டிக்கொண்டு, கூட்டுக்குள் நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தி வரும். மீன் கிடைக்காவிட்டால் பட்டினியில் அழியும். எனவே மீனை வெளியே எடுத்துவிட்டுப் பெரிய தொட்டியை ஒன்றரை மாதமாவது மீனில்லாமல் போட்டுவைக்க வேண்டும். எடுத்த மீனைத் தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

துறைத்தலைவர் நல்லவர், சிரமம் பிடிக்காதவர். "எதுக்கும்மா இவ்வளவு பாடு? உரக்கடையில மயில்துத்தம் கெடைக்கும். அப்படியே பெரிய தொட்டில போட்டுருங்க" என்றார்.

மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு, அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் என்பதை நானும் அறிவேன். கொஞ்சம் கூடினால் மீனையும் கொல்லும். பெரிய தொட்டியிலிருந்த கடற்சாமந்திகளை நிச்சயமாகக் கொல்லும். தொட்டியின் சுண்ணாம்புக் கற்கள் மருந்தில் எவ்வளவை உறிஞ்சும், தண்ணீரில் எவ்வளவு மிஞ்சும் என்று அளக்க எங்களிடம் வழியில்லை. அளக்க முடியாத மருந்தை உயிருள்ள தொட்டியில் போடமாட்டேன் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "அப்ப உங்க பொறுப்பு" என்றார். அது முன்பே என் பொறுப்புத்தான்.

நான் தேர்ந்துகொண்ட வழி தண்ணீரின் உப்பைக் குறைப்பது. உடம்பின் உப்பைத் தானே சீர்செய்துகொள்ளும் திறன் மீனுக்கு உண்டு. கிளாத்தி உறுதியான மீனும்கூட. ஒட்டுண்ணிக்கு அந்தத் திறன் இல்லை; நீர்த்த நீரில் அதன் கூடு நிலைக்காது. கடல் மீனை நல்ல தண்ணீரில் ஒரு கணம் முக்கி எடுத்து ஒட்டுண்ணியை உதிர்க்கும் பழக்கத்தைக் கடற்கரை நண்பர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். அதை ஒரு கணத்தோடு நிறுத்தாமல் வாரக்கணக்கில் நீட்டுவது என் துணிவு. தவறினால் பழியும் எனக்கே என்று தெரிந்துதான் இறங்கினேன்.

ஆய்வகத்தின் தராசு அறையில் மணலும் கல்லும் இல்லாத ஒரு வெறும் கண்ணாடித் தொட்டியை வைத்தோம். ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாய்த் துண்டு, காற்றுக்கு ஒரு சிறு பம்பு. மீனைப் பிடிப்பதிலேயே முதல் சோதனை வந்தது. கிளாத்தி மிரண்டால் கல்லிடுக்கில் புகுந்து முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். அந்தோணி கையை விட்டு இழுக்கப் போனார். தடுத்தேன். இழுத்தால் முள் முறியும். முறிந்த இடத்தில் அடுத்த நோய் நுழையும். பிற்பகல் முழுவதும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அது தானாக வெளியே வந்தபோது வலை அதற்கு முன்னால் இருந்தது, பின்னால் இல்லை. அவசரமாகச் செய்ய வேண்டிய காரியத்துக்குள்ளும் காத்திருக்க வேண்டிய ஒரு பகுதி இருக்கும். அதைச் சோம்பல் என்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

உப்பைப் படிப்படியாக இறக்கினேன். சிறிய தொட்டியில் கழிவு விரைவில் சேரும்; நாள்தோறும் ஒரு பகுதி நீரை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றுக்கும் பாதிக்கு மேல் நல்ல தண்ணீர். கல்லூரியில் நல்ல தண்ணீர் என்பது விடுதிப் பிள்ளைகளின் குடிநீர் மட்டுமே. அதில் கை வைக்க எனக்கு உரிமையில்லை என்று நானே தீர்மானித்தேன். எனக்கு உரிமையுள்ள தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் என் வீட்டு முறைக்கு வரும் தண்ணீர்.

கல்லூரி விரிவுரையாளர் குடத்தோடு குழாயடியில் நிற்பது அந்தக் காலத்தில் பேசுபொருள். அதுவரை எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு ஆள் இருந்தாள். மீனுக்கான தண்ணீரை அவள் தலையில் ஏற்றுவது முறையன்று என்று நானே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் பேச்சியம்மாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள், எங்கள் அடுத்த தெரு; இரண்டு தெருவுக்கும் ஒரே குழாய்.

"டீச்சரம்மா, ஒரு கொடம் வீட்டுக்கு, ஒரு கொடம் காலேஜுக்காமே?"

"ஆமா."

"கடல்ல கெடந்த மீனுக்கு நம்ம குழாய்த் தண்ணி கேக்குதாக்கும்! நாளைக்கு காப்பி கேக்கும். ஆத்திக் குடுப்பியளோ?"

வரிசை முழுவதும் சிரித்தது. பின்னாலிருந்து இன்னொருத்தி, "சும்மா இருட்டி. தாசில்தாருன்னா கவர்மெண்டு ஆளுல்லா. அவியளுக்கு இல்லாத தண்ணியா?" என்றாள்.

"இது எங்க வீட்டுப் பங்கு, பேச்சியம்மா. உங்க கொடத்துல நான் கை வச்சா அப்பக் கேளுங்க" என்றேன்.

"கை வச்சாத்தான தெரியும் சேதி!" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

என் கணவர் மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்தார். நல்ல தண்ணீர் ஒரு குடமாகக் குறைந்துபோகவே, உப்புத் தண்ணீரில் உலை வைத்தோம். பருப்பு எவ்வளவு கொதித்தாலும் மலரவில்லை. "பல்லுல படுதே" என்றார் முதல் நாள். இரண்டாம் நாள், "மீன் எப்படி இருக்கு?" என்று கேட்டார். தேவலை என்றேன். "அப்பச் சரி. இதுவரைக்கும் வெந்த பருப்பே தின்னதில்லையா நாம?" என்று சொல்லி மென்றுகொண்டே இருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் காலை தராசு அறைக் கதவைத் திறந்தபோது தாசில்தார் உறுமினார். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. இறால் துண்டைக் கையிலிருந்தே பறித்துத் தின்றார். அந்தோணி கூடத்துக்கு ஓடிப்போய், "சொகமாயிட்டு!" என்று அறிவித்துவிட்டார்.

என் சோதனை அன்றுதான் தொடங்கியது. இளைய நண்பர்களே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். மீனில் புள்ளி நிறைந்திருந்த நாட்களில் என்னை யாரும் தடுக்கவில்லை. பைத்தியம் என்றதோடு விட்டுவிட்டார்கள். புள்ளி மறைந்த அன்று ஊரும் கல்லூரியும் வீடும் ஒரே குரலில் போதும் என்றன. புள்ளி மறைந்தால் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கியிருக்கிறது என்றே பொருள். அது அழிந்ததற்கு அது சான்றாகாது. சிறிய தொட்டியில் நீர்த்த உப்பு அதை முறிக்க வேண்டும். பெரிய தொட்டியின் மணலில் பட்டினி அதை முறிக்க வேண்டும். இரண்டுக்கும் வாரங்கள் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக, கண்ணுக்குத் தெரியும் தண்ணீரை நான் தொடர்ந்து ஊற்ற வேண்டியிருந்தது.

அடுத்த முறை குழாய் வெகு சீக்கிரம் நின்றுபோயிற்று. எனக்கு இரண்டு குடம் கிடைத்துவிட்டது. பேச்சியம்மாளின் முறை வருவதற்குள் குழாயில் காற்றுத்தான் வந்தது. அன்று அவள் கேலி பேசவில்லை.

"மீனுக்குச் சொகமாயிட்டுன்னு சொன்னாவளே டீச்சர். இனியும் அதுக்கு எதுக்குத் தண்ணி? எங்க மக காய்ச்சல்ல கெடக்கா. வீட்டுல ஒரு சொட்டு இல்ல."

இரண்டு குடங்களில் ஒன்றைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். அவள் நகரவில்லை.

"இது எந்தக் கொடம்?"

"எங்க வீட்டுது."

"அப்ப நீங்க குடிக்க?"

"பக்கத்துல கிணறு இருக்கு. கொதிக்க வச்சுக்கிடுவோம்."

"மீனு கொடம்?"

"அது மீனுக்கு."

"உங்களுக்குக் கிறுக்குத்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை உப்புத் தண்ணீரில் போட்ட காப்பி திரிந்துபோயிற்று. என் கணவர் தம்ளரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

இதை வைத்து என்னோடு வாதிட்டவர்கள் உண்டு. மனிதரைவிட மீன் பெரிதா என்று கேட்டவர்கள் உண்டு. என் பதில் அன்றும் இன்றும் ஒன்றே. அந்த மீன் கரிசலுக்கு வர வேண்டும் என்று விண்ணப்பம் போடவில்லை. நாம் கடலிலிருந்து எடுத்துவந்து கண்ணாடிக்குள் அடைத்தோம். அடைத்த பிறகு அதன் தண்ணீர் நம் கடன். கடனை என் பங்கிலிருந்து தீர்த்தேன். பிறர் பங்கைத் தொடவில்லை. குழந்தைக்குக் கொடுத்ததும் என் பங்கிலிருந்துதான். இதில் நான் தலைகுனிய எதுவும் இல்லை.

பெரிய சோதனை அதற்குப் பின் வந்தது. முதுகலை வகுப்புத் தொடங்க அனுமதி கேட்டுத் தாளாளர் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். பார்வையிட ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அவர் நேரே தராசு அறைக்கே வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், தாசில்தார் டூட்டில சேந்துட்டாராமே?"

"இன்னும் இல்லை ஐயா."

"புள்ளி ஒண்ணையும் காணோமே?"

"மீன் மேல காணோம். பெரிய தொட்டி மணல்ல இருக்கும். இப்பக் கொண்டுபோய் விட்டா மறுபடியும் பிடிச்சுக்கிடும். இந்தத் தடவை மீன் தாங்காது."

"மறுபடியும் பிடிக்க நாளாகும்லா? கமிட்டி வியாழக்கிழமை வருது. வியாழக்கிழமைக்கு மட்டும் விடுங்க. வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வந்து உங்க அறையிலயே வச்சுக்கிடுங்க. நான் கேக்கேனா?"

கேட்பதற்கு நியாயமான பேச்சு. நோயைப் பற்றி எதுவும் தெரியாத யாரும் இதை ஒப்புக்கொண்டிருப்பார்கள். தெரிந்தவர்களிலும் பலர் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

"உப்பு குறைஞ்ச தண்ணில இருக்கிற மீன் ஐயா. ஒரே நாள்ல முழு உப்புல விட்டா, நோயே வேண்டாம், அதுவே கொன்னுரும்."

"அப்ப வேற மீன் கொண்டாரச் சொல்லுதேன். தொட்டி காலியா கெடந்தா என்ன மரியாதை?"

"அந்தக் களவா போன வழியில அதுவும் போகும்."

வாசலில் நின்ற அந்தோணி தரையைப் பார்த்தார்.

"நோய நான் கொண்டாந்தேன்னு சொல்லுதீங்க?"

"களவாவைக் கொண்டுவந்தது நீங்கதான் ஐயா."

அவர் முகம் கறுத்தது. கையை நீட்டினார். "அறைச் சாவியக் குடுங்க."

"தர மாட்டேன்."

"இது நான் கட்டுன கட்டடம், டீச்சர்."

"கட்டடம் உங்களோடது. மீனோட பொறுப்பை எழுத்துல எனக்குக் குடுத்திருக்கீங்க. எழுத்துலயே திரும்ப எடுத்துக்கிடுங்க. அடுத்த நிமிஷம் சாவி உங்க கையில இருக்கும்."

"உங்க கன்பர்மேஷன் பேப்பர் என் மேசையிலதான் கெடக்கு. தெரியும்லா?"

"தெரியும் ஐயா."

அவர் அந்தோணியின் பக்கம் திரும்பினார். "ஏலே, பூட்ட ஒடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பூட்டுக்கு என்ன அண்ணாச்சி, ஒரே அடிதான்" என்றார் அந்தோணி. "ஆனா விட்ட மீனு வியாழக்கிழமையே செத்துப்போச்சுன்னா, கமிட்டிக்காரவிய முன்னால வயித்தக் காட்டிக்கிட்டுல்லா மெதக்கும்? அதுக்குக் காலித் தொட்டியே தேவலை."

தாளாளர் வெளியேறினார். எழுத்தில் ஆணை வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். மீன் செத்தால் அந்தத் தாளில் அவர் கையெழுத்து இருக்கும். வாயால் இடப்படும் ஆணைகளில் பலவும் இந்த வகையே. எழுதித் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு விலை கொடுக்கத் தயாராக இருங்கள்.

வியாழக்கிழமை குழு வந்தது. பெரிய தொட்டியின் விளக்குகளை நானே போட்டுவைத்திருந்தேன். மீனில்லாத நீரில் கடற்சாமந்திகள் மட்டும் விரிந்து அசைந்துகொண்டிருந்தன. குழுத்தலைவர் நின்று பார்த்தார்.

"என்ன இது, மீனையே காணோம்?"

"மராமத்து நடக்குது சார்" என்றார் தாளாளர்.

"மராமத்து இல்லை" என்றேன். "வெண்புள்ளி நோய். தொட்டியைப் பட்டினி போட்டிருக்கிறேன். மீன் தனி அறையில் இருக்கிறது. பார்க்க விரும்பினால் அழைத்துப்போகிறேன்."

அழைத்துப்போனேன். வெறும் கண்ணாடித் தொட்டியில், மண்குழாய்க்குப் பக்கத்தில் தாசில்தார் ஒருக்களித்துக் கிடந்தார். உறுப்பினர் ஒருவர், "அடடா, செத்துப்போச்சே!" என்றார். தாளாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஓய்வெடுக்கிறது. கிளாத்தியின் வழக்கம் அது" என்று சொல்லிக் கண்ணாடியை விரலால் தட்டினேன். அது எழுந்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு கண்ணால் பார்த்தது. தலைவர் நீரின் உப்பைப் பற்றி இரண்டொரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். பாராட்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

அந்த ஆண்டு முதுகலை வகுப்புக்கு அனுமதி வரவில்லை. நூலகம் போதாது, ஆய்வகம் போதாது என்று கடிதத்தில் காரணம் இருந்தது. கல்லூரியில் எல்லோரும் அறிந்த காரணம் வேறு: காலித் தொட்டி, வாயடக்கம் இல்லாத டீச்சர். என் நிரந்தர ஆணை மேசையிலேயே கிடந்தது. என்னோடு சேர்ந்தவர்களுக்கு வந்தபின்னும் எனக்கு இரண்டு ஆண்டு தள்ளித்தான் வந்தது. ஆசிரியர் அறையில் என் நாற்காலிக்கு அருகில் உட்காரத் தயங்கியவர்களின் பெயர்களை இங்கே எழுதமாட்டேன். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

ஒன்றரை மாதம் கழிந்தபின் உப்பை மெல்ல மெல்ல ஏற்றி, தாசில்தாரைப் பெரிய தொட்டியில் விட்டேன். அன்றும் மறு வாரமும் அதற்கடுத்த வாரமும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துத் துடுப்பு துடுப்பாகப் பார்த்தேன். புள்ளி வரவில்லை. பிறகும் வரவில்லை.

மறு ஆண்டு அதே குழு மீண்டும் வந்தது. நூலகத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. என் ஆணையில் அப்போதும் கையெழுத்து ஆகவில்லை. தாளாளர் குழுவைத் தொட்டியின் முன் நிறுத்தினார். தாசில்தார் கண்ணாடிக்கு வந்து அனைவரையும் மேற்பார்வையிட்டார்.

"போன வருஷம் நீங்க பாத்த அதே மீனுதான் சார்" என்றார் தாளாளர், பெருமை பொங்க. "ஊரு தண்ணிக்கு அலைஞ்சப்பக்கூட நாங்க இதுக்கு நல்ல தண்ணி ஊத்திக் காப்பாத்துனோம். ஒரு உசுருல்லா? விட்டுருவோமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் புன்னகைத்துத் தலையசைத்திருந்தால் அடுத்த வாரமே என் ஆணை வந்திருக்கும். அது எனக்கும் தெரியும், தாளாளருக்கும் தெரியும்.

"தண்ணி எங்க வீட்டுத் தண்ணி சார்" என்றேன். "இந்த மீனைப் போன வருஷம் உங்களுக்குக் காட்டுறதுக்காக ஐயா அறைச் சாவியைக் கேட்டாங்க. நான் குடுக்கலை. அதனாலதான் இது இன்னைக்கு உயிரோட இருக்கு."

பின்னால் அந்தோணி இருமினார். தாளாளர் திடீரென்று உரக்கச் சிரித்தார்.

"எங்க டீச்சர் இப்படித்தான் சார். வாங்க, லைப்ரரியப் பாப்போம்."

அவர்கள் நூலகத்துக்குப் போனார்கள். நான் உடன் போகவில்லை. தாசில்தாருக்கு இரை வைக்கும் வேளை கடந்துகொண்டிருந்தது. அவர் உறுமத் தொடங்கியிருந்தார்.